சைகோனில் ஒரே நாளில் போரைப் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள்

வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, முதுகுப்பையோடு கிளம்புகிறவர்கள் பெரிய தவறை வீட்டிலேயே செய்துவிடுகிறார்கள். காலையில் கூ சி சுரங்கம், மதியம் போர் எச்சங்கள் அருங்காட்சியகம், சாயங்காலம் சுதந்திர மாளிகை, ராத்திரி பூய் வியன் தெருவில் கூத்து என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்து ஒரு திட்டம். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போதே கால் வலி, பசி, புழுக்கம். வியட்நாம் போரில் அமெரிக்கா காடுகள்மேல் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு விஷம் அடுத்த தலைமுறைக் குழந்தைகளை என்ன செய்தது என்று காட்டும் அறையில் நின்றுகொண்டு மணி பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த இடத்துக்கு மட்டுமே ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். பலரும் முற்றத்தில் நிற்கும் டாங்கி, ஹெலிகாப்டர் முன்னால் படம் எடுத்துவிட்டு, உள்ளே அரைமணி சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். நேராக மேல் மாடிக்குப் போய் அங்கிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். மேலே இருப்பவை அந்தப் போரில் செத்துப்போன புகைப்படக்காரர்கள் எடுத்த படங்கள், இரண்டு பக்கத்தாரும் எடுத்தவை. சோர்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை. ஆனால் இது போரில் ஜெயித்த வட வியட்நாம் தரப்பு சொல்லும் கதை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1975-ல் திறந்தபோது 'அமெரிக்க, பொம்மை அரசின் குற்றங்கள்' என்றுதான் பெயரிலேயே இருந்தது (பொம்மை என்றது அமெரிக்கா ஆதரித்த தென் வியட்நாம் அரசை), அமெரிக்காவோடு உறவு சீரான 1995-ல்தான் இப்போதைய பெயர் வந்தது.

அடுத்து கூ சி, அமெரிக்கர்களோடு சண்டையிட்ட கெரில்லாக்கள் ஒளிந்திருந்த சுரங்கங்கள். 'சுரங்கம் பார்க்கலாம்' என்று தெருவுக்குத் தெரு டிக்கெட் விற்பார்கள், எந்தச் சுரங்கம் என்று கேட்காமல் காசு கொடுத்துவிடாதீர்கள். பென் தின், பென் துவோக் என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. நகரத்துக்குப் பக்கமாக இருப்பதால் பேருந்துகள் வரிசைகட்டி நிற்பது பென் தின்னில். பென் துவோக் இன்னும் தள்ளி இருக்கிறது, கூட்டம் குறைவு, நான் அதைத்தான் சொல்வேன். நாம் தவழும் பகுதி சுற்றுலாக்காரர்களுக்காக அகலப்படுத்தியதுதான், அதிலேயே முட்டி தேயும், மூச்சு முட்டும். மூட்டுவலி, மூடிய இடம் என்றால் பயம் இருப்பவர்கள் வீம்புக்கு இறங்க வேண்டாம். மேலேயே பார்க்க நிறைய இருக்கிறது. சமையல் புகையை நீளமான கால்வாய்களில் ஓடவிட்டு, தரையோடு தரையாக மெல்லக் கசியவைத்தார்கள், விமானத்திலிருந்து பார்த்தால் காலைப் பனி மாதிரி தெரியுமாம். கடைசியில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் தொட்டுக்கொள்ள உப்பு கலந்த வேர்க்கடலைப் பொடியும் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அப்புறம் அங்கேயே குண்டுக்கு இத்தனை என்று காசு வாங்கிக்கொண்டு ஏகே-47 சுட விடுகிறார்கள். ஆள் விழும் பொறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காதில் அந்த வெடிச் சத்தம்தான் கேட்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, உங்கள் இஷ்டம்.

சுதந்திர மாளிகை அன்றைய தென் வியட்நாம் அதிபரின் மாளிகை. அதன் புல்தரையில் நிற்கும் டாங்கிகள்தான் சைகோன் விழுந்த 1975 ஏப்ரல் 30 அன்று கேட்டை இடித்துக்கொண்டு வந்த வட வியட்நாம் டாங்கிகள் என்று நினைத்துப் படம் போடுவார்கள். இல்லை. அதே வகை, அதே எண்கள், அவ்வளவுதான், அசல் 843-ம் 390-ம் ஹனோயில் இருக்கின்றன. சைகோன் விழும் தறுவாயில் தப்பிக்க ஹெலிகாப்டரில் ஏற ஜனம் வரிசையாக ஏணியில் நிற்கும் அந்தப் பிரபலமான படமும் அமெரிக்கத் தூதரகத்தில் எடுத்ததல்ல, இன்றைய லி து சோங் தெருவில் இருக்கும் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மொட்டைமாடி.

சாலையைக் கடப்பது தனிக் கலை. பைக்குகள் நிற்கும் என்று காத்திருந்தால் சாயங்காலம் வரை அங்கேயே நிற்கலாம். ஒரே வேகத்தில், மெதுவாக நடந்தால் அவர்களே ஒதுங்கிப் போவார்கள். நடுவில் திடுக்கென்று நின்றாலோ ஓடினாலோ, இல்லை பின்னால் வந்தாலோதான் ஆபத்து. ஒன்று, பேருந்துக்கும் காருக்கும் இந்தக் கணக்கு செல்லாது. போனை நடைபாதை விளிம்பில் நீட்டிப் பிடித்து மேப் பார்க்காதீர்கள், பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போவது அங்கே சகஜம். பணத்திலும் ஒரு கண்ணி உண்டு. 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். ராத்திரி வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்தால் ஒரு இளநீருக்கு 25 மடங்கு போய்விடும். பெரிய நோட்டைத் தனியாக வையுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'நோ மீட்' என்று மட்டும் சொன்னால் மீன் சாறு ஊற்றிய காய்கறிதான் வரும். 'ஆன் சாய்' என்று சொல்லுங்கள். டீ கேட்கிறோம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், அங்கே சாய் என்றால் சைவம். அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் உள்ளூர்க்காரர்களே நிறையப் பேர் சைவத்துக்கு மாறிவிடுவதால், அன்றைக்கு சாய் கடைகளில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.