ஸ்கேனர் காட்டும் குறியீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது. கோளாறைப் படிக்கும் கருவியான ஸ்கேனரைச் செருகினால் ஒரு பிழைக்குறியீடு வருகிறது. அதில் எந்தச் சென்சாரின் பெயர் இருக்கிறதோ, அதை மாற்றி வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். சில நாட்களில் விளக்கு மறுபடியும் எரிகிறது. கழற்றிப் போட்டது நல்ல சென்சார். போன பணம் வண்டிக்காரருடையது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதன் கிளைகள் என்பதால் முதலில் இதையே பார்த்துவிடுவோம்.

குறியீடு எந்தப் பாகத்தையும் குற்றம் சாட்டுவதில்லை. தன்னிடம் வந்துசேர்ந்த அளவு எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை என்று மட்டுமே எஞ்சினின் கணினியான இ.சி.யூ. சொல்கிறது. பி0118 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் வெப்பச் சென்சார் மின்சுற்றில் மின்னழுத்தம் அதிகம் என்பது அதன் பொருள். ஸ்கேனரில் கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று தெரியும். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியில் மைனஸ் 40 டிகிரிக்கு வழியே இல்லை. சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். அறுந்தது சென்சாருக்குள்ளேயா, ஒயரிலா, கனெக்டரிலா என்பதை ஸ்கேனர் சொல்லாது. நாம்தான் சோதிக்க வேண்டும். சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கமுள்ள இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். வெப்ப அளவு நூறு டிகிரியைத் தாண்டி எகிறினால் ஒயரும் இ.சி.யூ.வும் நன்றாக இருக்கின்றன, சென்சாரை மாற்றலாம். அளவு மைனஸ் 40-இலேயே நின்றால் புதுச் சென்சார் வாங்கி ஒரு பயனும் இல்லை, ஒயரைத் தேடுங்கள். இரண்டு ஒயர் கொண்ட வெப்பச் சென்சாருக்கு மட்டுமே இந்த முறை. மூன்று ஒயர் சென்சாரில் இப்படி இணைத்தால் 5 வோல்ட் சப்ளையே எர்த் ஆகிவிடக்கூடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சென்சார் கெட்டால், எஞ்சின் ஓட வேண்டும் என்பதற்காகச் சில வண்டிகளின் இ.சி.யூ. ஒரு மாற்று மதிப்பை வைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் அந்தந்தக் கம்பெனிக்குரிய மெனுவில் அந்த மதிப்பு, 80 டிகிரி என்பதுபோல, நம்பும்படி இருக்கும். அதே அளவை, எல்லா வண்டிக்கும் பொதுவான சுயசோதனை முறையான ஓ.பி.டி. மெனுவில் பார்த்தால் சென்சாரின் உண்மையான அளவு தெரியும். இரண்டையும் ஒப்பிடாமல் “சென்சார் சரியாகத்தான் இருக்கிறது” என்று முடிவு கட்டாதீர்கள்.

சோதனைக்கு முன்பே நடக்கும் தவறு, வண்டியை அடையாளம் காண்பதில் வருகிறது. மெனுவில் மாடல் பெயரைப் பார்த்ததும் அழுத்திவிடுகிறோம். மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொண்டால், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முன் அது டீசலிலும் வந்தது. 2021-இல் பெட்ரோல் எஞ்சினே வேறாக மாறியது. பெயர் ஒன்று, உள்ளே இருப்பவை வேறு. ஆர்.சி.யில் உள்ள பதிவு ஆண்டை நம்புவதும் சரியில்லை. டிசம்பரில் தயாரான வண்டி அடுத்த ஆண்டு பதிவாவது சாதாரணம். தவறான எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கேனர் தொடர்பே கொள்ளாமல் நின்றுவிடலாம். அப்படி நின்றுவிட்டால் நல்லது. தொடர்பு கொண்டு, அளவுகளைத் தப்பான பெயரில் காட்டினால்தான் ஆபத்து.

ஆகவே வண்டியின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. வட்டமாகத் தெரிவது சுழியம்தான். வண்டியில் பொறித்திருக்கும் எண், ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், ஸ்கேனர் இ.சி.யூ.விலிருந்து படிக்கும் எண் ஆகிய மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்கேனர் வேறு எண்ணைக் காட்டினால், வேறொரு வண்டியின் பழைய இ.சி.யூ. மாட்டப்பட்டிருக்கலாம். விளங்காத பல கோளாறுகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

ஸ்கேனரைச் செருகும் பதினாறு முனை சாக்கெட் இருந்தாலே பொதுவான ஓ.பி.டி. இரண்டு முறை என்று எண்ணுவதும் பிசகு. இந்தியாவில் அது கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய பல வண்டிகளில் சாக்கெட் அதே வடிவில் இருக்கும். பேசும் முறை கம்பெனிக்குரியதாக இருக்கும். அங்கே மலிவான புளூடூத் கருவி வாய் திறக்காவிட்டால் இ.சி.யூ. போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஸ்கேனருக்கு உயிரே வரவில்லை என்றால் 16-ஆம் முனையில் பேட்டரி வோல்ட் வருகிறதா, 4, 5 ஆகிய முனைகளில் எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் சிகரெட் லைட்டருக்கும் இந்தச் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். கருவிக்கு விளக்கு எரிந்தும் வண்டியோடு பேசவில்லை என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். இ.சி.யூ.க்கள் இரண்டு ஒயரில் பேசிக்கொள்ளும் கேன் முறை வண்டிகளில் பொதுவாக 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் அந்த ஒயர்களின் இரு கோடிகளிலும் உள்ள மின்தடைகளில் ஒன்று விடுபட்டிருக்கிறது.

பேட்டரியைச் சோதிக்காமல் ஸ்கேன் போடாதீர்கள். வோல்ட் தாழ்ந்த வண்டியில் ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங், ஏர்பேக் என்று எல்லாத் திசையிலிருந்தும் குறியீடுகள் வந்து குவியும். பேட்டரியைச் சரிசெய்ததும் பாதிக்கு மேல் காணாமல் போவதும் உண்டு.

குறியீட்டைப் பார்த்த கையோடு அழிப்பது மிகப் பரவலான பழக்கம். அழிக்கும் பொத்தானை அழுத்தினால் குறியீட்டோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு பதிவான நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, ஆர்.பி.எம். எவ்வளவு, எஞ்சின் சூடாக இருந்ததா என்ற விவரங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. முதலில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியாகாமல் காத்திருக்கும் குறியீடுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு இதே விஷயம் வேறு வகையில் உதவும். விளக்கு எரியவில்லை, குறியீடும் இல்லை, ஆனால் இ.சி.யூ. தானே செய்யும் சோதனைகளைக் காட்டும் ரெடினஸ் பட்டியலில் பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், அண்மையில் யாரோ அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். அழித்த பிறகு ஓடிய கிலோமீட்டரையும் பல வண்டிகள் காட்டும். விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பி0171 வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது அடுத்த தவறு. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது குறியீட்டின் பொருள். அந்தச் செய்தியைச் சொன்னதே ஆக்ஸிஜன் சென்சார்தான். இ.சி.யூ. பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எரிபொருள் திருத்த அளவைப் பாருங்கள். ஐடிலிங்கில் பிளஸ் 25 சதவீதம், ரேஸ் கொடுத்து 2,500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தினால் பிளஸ் 5 என்று இறங்கினால், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று குறைவு, அதனால் கசிவின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மாறாக, மேட்டில் ஏறும்போது அளவு உயர்ந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள். ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சினுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் எஞ்சினில் கசிவு பெரும்பாலும் ஐடிலிங் உயர்வாகவே வெளிப்படும்.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்பது பி0420-இன் பொருள். அது வந்ததும் புதுக் கன்வெர்ட்டருக்கு விலை சொல்வதும் அநியாயம். கன்வெர்ட்டரின் விலை பெரிய தொகை. சைலன்சர் குழாயில் கசிவு இருக்கிறதா, எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறதா என்று பார்த்த பிறகே அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

பாதுகாப்பிலும் தவறக்கூடாது. ஸ்கேனர் வழியாக ஃபேனை ஓடவிடும்போது யாருடைய கையும் பானெட்டுக்குள் இருக்கக்கூடாது. டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டியைச் சுத்தம் செய்யும் டி.பி.எஃப். எரிப்பை மூடிய ஷெட்டுக்குள்ளோ காய்ந்த புல்லின் மேலோ தொடங்காதீர்கள். சைலன்சர் கடுமையாகச் சூடேறும். ஏர்பேக் ஒயரில் மல்டிமீட்டரை வைக்கவே வைக்காதீர்கள். ரோட் டெஸ்டில் ஸ்கேனரைப் பார்க்க இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

வேலை முடிந்ததும் குறியீட்டை அழித்து உடனே சாவியைக் கொடுத்துவிட வேண்டாம். எடுத்துவைத்த ஃப்ரீஸ் ஃப்ரேம் போட்டோவில் உள்ள அதே வேகத்தில், அதே எஞ்சின் சூட்டில் வண்டியை ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும், உறுதியாகாமல் காத்திருக்கும் குறியீடுகளின் பக்கத்தைத் திறங்கள். அது காலியாக இருந்தால் வண்டியை ஒப்படைக்கலாம்.