குழந்தை நலக் கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்க வேண்டாம், கெடு தேதி வரிசையில் அடுக்குங்கள்

உங்களுக்குக் கீழே நான்கைந்து களப்பணியாளர்கள் இருந்தால், குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் (பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழு) முன் நிறுத்திய அன்றே கோப்பின் அட்டையில் இரண்டு தேதிகளைப் பெரிதாக எழுதிவிடுங்கள். ஒன்று சமூக விசாரணை அறிக்கைக்கு, அதாவது குழந்தையின் குடும்பத்தையும் சூழலையும் விசாரித்து எழுதும் அறிக்கைக்கு; மற்றொன்று குழு பிறப்பிக்கும் இறுதி ஆணைக்கு. அப்புறம் எந்தத் தேதி முதலில் வருகிறதோ அந்தக் கோப்பை மேலே வையுங்கள்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 36ஆம் பிரிவில், அறிக்கைக்கு 15 நாளும் இறுதி ஆணைக்கு 4 மாதமும் தருகிறது. அந்த 4 மாதம் குழந்தையை முதன்முதலாக நிறுத்திய நாளிலிருந்தே ஓடுகிறது. கோப்பு உங்கள் மேசைக்கு வந்த நாளைச் சட்டம் பார்ப்பதில்லை. அறிக்கைக்கும் அதே நாளிலிருந்து எண்ணுவதுதான் பாதுகாப்பு. இன்னும் ஒரு படி மேலே போய், அட்டையில் 15ஆம் நாளுக்குப் பதில் 10ஆம் நாளை எழுதலாம். வீட்டுக்குப் போனால் பூட்டிக் கிடக்கும், பள்ளியில் தலைமை ஆசிரியர் விடுப்பில் இருப்பார். மறுபடி ஒருமுறை போய்வர அந்த ஐந்து நாள் வேண்டும். அட்டையில் வழக்கு எண் மட்டும் போதும். குழந்தையின் பெயர் வெளியில் தெரியவே கூடாது.

கைவிடப்பட்ட, ஆதரவற்ற குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இரண்டு வயது வரையுள்ள குழந்தை என்றால் தத்துக்குத் தகுதி என அறிவிக்க 2 மாதம்தான். பெற்றோரே ஒப்படைத்த குழந்தை என்றால், அவர்கள் மனம் மாறுவதற்கான 2 மாத அவகாசத்தைத் தனியாகக் குறியுங்கள். குழந்தைக்கு உடனடி ஆபத்து என்றால் வரிசையே கிடையாது. அதுதான் முதல் வேலை.