கடற்கரையில் கறுப்பினக் கவிதை நாள் நடத்தும் முறை

பாம்பன், தங்கச்சிமடம் பகுதியில் கறுப்பினக் கவிஞர்களின் கவிதைகளை வாசிக்கும் நிகழ்ச்சியை நடத்த விரும்புவோர், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நிலவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுத்தால், கடலுக்குச் செல்வோரில் பலரும் கரையில் இருப்பார்கள். வெயில் தாழ்ந்தபின் தொடங்கலாம்.

கரீபியக் கடலின் செயின்ட் லூசியா தீவில் பிறந்து, 1992இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற கவிஞர் டெரெக் வால்காட்டை முதலில் வாசியுங்கள். தம் மக்களின் வரலாற்றைக் கடலடியில் தேடும் அவருடைய கவிதை, 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்த இக்கரையில் விளக்கவுரையின்றியே புரியும். மூலத்தை ஒருவரும் தமிழாக்கத்தை மற்றொருவரும் வாசிக்கட்டும். அடுத்து, 1950இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவரான குவெண்டலின் புரூக்ஸின் சிறு கவிதைகளை மாணவர்களிடம் கொடுக்கலாம்.

பொன்னாடைகளைத் தவிர்த்துவிடுங்கள், பாதி நேரத்தை அவையே தின்றுவிடும். கடற்காற்று இரையாதிருக்க, ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை அவசியம்.