வட்ஸ்அப்பில வாற கருத்துக்கணிப்பை எப்பிடிப் பாக்கிறது

எலெக்சன் கிட்ட வந்தால் காணும், "வன்னியில இந்தக் கட்சிக்கு 40 வீதம்" எண்டு ஒரு கலர் படம் குறூப் குறூப்பா ஓடும். பாத்த உடன சண்டைக்கு வெளிக்கிடாமல், எத்தினை பேரைக் கேட்டவங்கள் எண்டு முதல்ல தேடுங்கோ, கீழ சின்ன எழுத்தில எங்கயாவது கிடக்கும். கிடக்கேல்லையோ, படத்தை அழிச்சுவிடுங்கோ.

கிடந்தால் ஒரு கணக்கு. 1ஐ அந்தத் தொகையின்ர வர்க்கமூலத்தால பிரிச்சால் பிழை எவ்வளவு வருமெண்டு கிட்டமுட்டத் தெரியும். 1,000 பேர் எண்டால் 3 வீதம் கூடக்குறைய, 400 எண்டால் 5, 100 எண்டால் 10. நாடு முழுக்க 1,000 பேரை ஒழுங்காத் தெரிஞ்செடுத்துக் கேட்டால் நாட்டு நிலவரத்துக்கு அது காணும், ஆனா அதுக்குள்ள எங்கட ஆக்கள் எத்தினை பேர்? 2012 கணக்கெடுப்பின்படி, இலங்கையின்ர வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள்ள வாற மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூண்டிலயும் சேத்து 3 லட்சத்து 64 ஆயிரம் சனம் மட்டில, நாட்டில 2 கோடியே 3 லட்சத்துக்கு மேல. அப்ப 1,000ல எங்களுக்கு வாறது 18 பேர், ஒரு வானுக்க ஏத்திப்போடலாம். 18 பேருக்குப் பிழை 24 வீதம் வரும், படத்தில இருக்கிற அந்த 40 உண்மையில 16ஆயும் இருக்கலாம் 64ஆயும் இருக்கலாம்.

எந்த வன்னி எண்டும் பாருங்கோ. கிளிநொச்சி எங்களுக்கு வன்னிதான், ஆனா வாக்கு எண்ணேக்க யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோட போயிடும்.

பிறகு, ஆரைக் கேட்டவை? நானும் ஒருக்கால் கருத்துக்கணிப்புப் போம் தூக்கிக்கொண்டு வீடு வீடாத் திரிஞ்சனான். காலம 10 மணிக்குப் போனால் ஆம்பிளையள் வயலில, பொடியள் வேலையில, வீட்டில அம்மம்மாதான். ஒழுங்காச் செய்யிறதெண்டால் வீட்டில அடுத்ததா ஆருக்குப் பிறந்தநாள் வருதோ அவரைத்தான் கேக்கவேணும், அவர் வீட்டில இல்லாட்டிப் பின்னேரம் திரும்பிப் போகவேணும், எங்களை அனுப்பினவை அதுக்குப் பெற்றோல் காசு தரேல்லை. படலையில நிண்டு அரசாங்கம் எப்பிடி எண்டு கேட்டால் "எல்லாம் நல்லம் தம்பி" எண்டு முடிச்சிடுவா. ஆர் ஆரோ வந்து பதிஞ்சு பதிஞ்சு களைச்ச சனம், வேற என்ன சொல்லும்? போமை மடிச்சு வச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கேக்கதான் காணிக் கதை, குளத்துத் தண்ணி எல்லாம் வரும். அதால "தெரியாது", "சொல்ல விருப்பமில்லை" எண்ட ரெண்டையும் கூட்டிப் பாருங்கோ, அது பெரிசா இருந்தால் மற்ற நம்பருகளைப் பெரிசா எடுக்காதேங்கோ.

கடைசியா, கேள்வியை எந்தப் பாஷையில எழுதினவங்கள்? 2017இல வந்த புது அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கையில சிங்களத்தில "ஏக்கிய" எண்டதுக்குத் தமிழில "ஒருமித்த நாடு" எண்டு போட்டவை, வழமையா அதை நாங்கள் "ஒற்றையாட்சி" எண்டுறது. ஒருமித்த எண்டால் பிரியாமல் ஒண்டா இருக்கிறது, ஒற்றையாட்சி எண்டால் அதிகாரம் ஒரே மத்தியில இருக்கிறது. இந்த ரெண்டு சொல்லையும் வச்சு ஒரே ஊரில ரெண்டு போம் குடுத்துப் பாருங்கோ, ரெண்டு மறுமொழி வரும். கேள்வியை முழுசாப் போடாமல் வீதத்தை மட்டும் போட்டிருந்தால் அதை நான் போர்வேட் பண்ணுறேல்லை.