கண்கட்டி, இமை அழுக்கு: வெந்நீர் ஒத்தடத்தை முறையாகக் கொடுப்பது எப்படி?

நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலிலும் இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகள் அழுந்தி, கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பரப்புகின்றன. இந்தப் படலம் குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் உறுத்தும், பார்வை மங்கி மங்கித் தெளியும். மொபைலையும் கணினியையும் உற்றுப் பார்க்கும்போது சிமிட்டுவதே குறைந்துவிடுவதால் தொல்லை இன்னும் கூடும்.

எண்ணெய் மார்கழி மாத நெய்போல் உறைந்து சுரப்பியின் வாயை அடைத்தால் வலியில்லாத கட்டி வரும். கிருமி சேர்ந்தால் சிவந்து வலிக்கும் கண்கட்டி. இமைமுடியின் அடியில் பொடுகு போலச் செதில் ஒட்டியிருந்தால் அது இமை அழற்சி. மூன்றுக்கும் முதல் வைத்தியம் ஒத்தடம்தான்.

தேவையானவை: ஒருவருக்கு மட்டுமே என்று வைத்துக்கொண்ட சிறிய பருத்தித் துண்டு, வெந்நீர், கொதிக்கவைத்து ஆறிய நீர், காது குடையும் பஞ்சுக்குச்சிகள், கடிகாரம்.

1. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றுங்கள். கண் மையைத் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

2. சூடு. துண்டை நனைத்துப் பிழிந்து முதலில் மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பாருங்கள். சுடக்கூடாது, இதமாக இருக்கவேண்டும். 40 டிகிரி செல்சியஸ் அளவு போதும். மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். ஈரத்துணி ஓரிரு நிமிடத்திலேயே ஆறிவிடும். ஆறிய துணி எண்ணெயை இளக்காது. எனவே திரும்பத் திரும்ப வெந்நீரில் முக்கிப் பிழிந்து வையுங்கள். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். துணி ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் இன்னொரு பக்கம் கொதித்தும் இருக்கும். இமைத் தோலோ மிக மெல்லியது.

3. நீவுதல். இளகிய சூட்டோடு உடனே செய்யுங்கள். மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக, முடியின் பக்கம் விரல்நுனியால் மெதுவாக 5 முதல் 10 தடவை நீவுங்கள். கண்விழியை அழுத்தக்கூடாது. வலிக்கிற கண்கட்டி என்றால் இந்தப் படியை விட்டுவிட்டு ஒத்தடம் மட்டும் கொடுங்கள்.

4. துடைத்தல். ஆறிய நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் முடியின் வேரை ஒட்டி, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடையுங்கள். அடுத்த கண்ணுக்குப் புதுக் குச்சி. செதில் விடாப்பிடியாக இருந்தால் இமை துடைக்கவென்றே மருந்துக்கடையில் விற்கும் ஈரத்தாளை வாங்குங்கள்.

கண்கட்டிக்குத் தினம் 3, 4 வேளை ஒத்தடம் போதும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும். வலியில்லாத கட்டி கரைய மாதக்கணக்கிலும் ஆகலாம். இமை அழற்சி அடியோடு போகாது, கட்டுப்படும். சில வாரம் தினம் 2 வேளை செய்து, பிறகு ஒரு வேளையாவது தொடருங்கள். சரியாகிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும்.

கட்டியைக் கிள்ளிப் பிதுக்காதீர்கள், கிருமி உள்ளே பரவும். நாமக்கட்டி உரைத்துப் போடுவதும் தாய்ப்பால் விடுவதும் வேண்டாம். கண்ணுக்குள் தூளும் கிருமியும் போகத்தான் அவை வழி. சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடுவது இவற்றையும்விட ஆபத்து. நாளடைவில் கண் அழுத்தமும் புரையும் வரக்கூடும். இமையின் உள்விளிம்பில் மை தீட்டினால் அது நேராகச் சுரப்பி வாயை அடைக்கும்.

இமை முழுதும் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, கண்ணை அசைத்தால் வலித்தாலோ, விழி முன்தள்ளினாலோ, பார்வை குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இமை திடீரெனத் தொங்கி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும் அதே அவசரம். கண்கட்டி திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் கட்டி மீண்டும் மீண்டும் வந்து, அங்கே இமைமுடியும் உதிர்ந்தால் ஒத்தடத்தோடு காத்திருக்க வேண்டாம். அது இமைப் புற்றாகவும் இருக்கலாம் என்பதால், சதைப் பரிசோதனை தேவையா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.