குளிர்ந்த பார், ஈரக் காற்று: ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிடையாக வைத்து, கம்பிகள்மேல் 'பார்' என்ற கனமான உருளை உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரைக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற எல்லோருக்கும் சீக்கிரமே காதில் விழும் அறிவுரை ஒன்று உண்டு: வாசிப்பதற்கு முன் பாரைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள். அமெரிக்காவில், பனி பெய்யும் ஊர்களில் பெடல் ஸ்டீல் (காலால் பெடல் மிதித்துக் கம்பிகளின் சுருதியை மாற்றும் ஸ்டீல் கிட்டார்) வாசிப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். அங்கே சில்லென்ற உலோகம் விரலை மரத்துப்போகச் செய்யும். நம் பக்கம் கதை வேறு. கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் கடற்காற்றில் ஈரம் அதிகம். மண்டபத்திலும் காரிலும் ஏசி இல்லாமல் இப்போது எதுவும் நடப்பதில்லை. அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே பாதிதான் பலிக்கும். இங்கே பார் குளிர்ந்திருப்பதைவிட, பார் வியர்ப்பதுதான் பெரிய தொல்லை.

முதல் தவறு, "நம்ம ஊர்ல ஏது குளிர்" என்று விட்டுவிடுவது. பத்துக் கம்பி பெடல் ஸ்டீலுக்கான பார் சுமார் 22 மில்லிமீட்டர் தடிமன், எட்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம். எடை கிட்டத்தட்ட கால் கிலோ. உள்ளே வெற்றிடம் இல்லாத முழு எஃகு. ஏசி ஓடும் அறையில் ஒரு மணி நேரம் கிடந்தால் போதும், பாரும் அறையின் குளிருக்கே வந்துவிடும். நம் உள்ளங்கைத் தோல் 32, 33 டிகிரியில் இருக்கும். அதே அறையில் இருக்கிற மர நாற்காலியும் அதே வெப்பநிலையில்தான் இருக்கிறது. ஆனால் எஃகு கையின் சூட்டை மரத்தைவிடப் பல மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும், அதனால்தான் அது மட்டும் சில்லிடுகிறது.

இதனால் வாசிப்பில் என்ன ஆகும்? பாரைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பிடித்திருக்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால் கம்பிகளைத் தொட்டபடி, தேவையற்ற அதிர்வை அடக்கும். விரல் விறைத்தால் அழுத்தம் எவ்வளவு என்று கைக்கே தெரியாது. முதல் இரண்டு பாட்டில் ஆள் தன்னையறியாமல் பாரை அழுத்துவார். அழுத்தினால் கம்பி கீழே வளைந்து சுருதி ஏறும், சில சமயம் கரகரக்கும். அசைவும் இறுகிப்போகும், குரல் நடுங்குவதுபோல் வரவேண்டிய இடத்தில் நேர்க்கோடு மாதிரி ஒரு ஓசை வரும். கேட்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, "இன்னைக்கு என்னமோ ஒட்டலை" என்பார்கள்.

சரி, இனி வியர்க்கும் பார். நிறைய சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி திடலில் ஒரு மாலைக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். கருவிகள் ஏசி காரில் வந்து இறங்குகின்றன. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். இப்படிப்பட்ட காற்றில், கிட்டத்தட்ட 24 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருள் மேலும் நீர் படியும். காரில் 22 டிகிரியில் கிடந்த பாரைப் பையிலிருந்து எடுத்த அரை நிமிடத்தில் அதன் பளபளப்பு மங்கிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த சோடா பாட்டில் மாதிரி மெல்லிய மூட்டம் படிந்து, கட்டைவிரல் வைத்த இடத்தில் ரேகை அப்படியே பதிந்திருக்கும். அந்த நிலையில் கம்பியில் வைத்துத் தள்ளினால் சுற்றுக்கம்பிகள் (மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பிகள்) கீச்சென்று கத்தும், பார் விரலிடுக்கில் நழுவும். ஈரம் கம்பிச் சுற்றுகளின் இடுக்கில் போய் உட்காரும். கடற்காற்றின் உப்பும் கூடவே சேர்ந்தால் கம்பி சீக்கிரம் கறுத்துத் துரு தட்டும்.

இந்த இடத்தில் அநேகமாக எல்லோரும் செய்வது, பாரைத் துணியால் துடைப்பது. துடைத்தால் அந்த நேரத்துக்குச் சுத்தமாகத் தெரியும், ஒரு நிமிடத்தில் மறுபடி மூட்டம் போட்டுவிடும். பார் இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறதே! துடைத்துக்கொண்டே இருப்பவர் ஈரத்தைத்தான் எடுக்கிறார், ஈரத்துக்கான காரணத்தைத் தொடவில்லை. முதலில் சூடு ஏற வேண்டும், அப்புறம்தான் துடைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகும்? மேசைமேல் சும்மா வைத்தால் அசையாத காற்றில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பைக்குள் இருந்தால் இன்னும் கூடுதல். உள்ளங்கையில் முழுதாக மூடிப் பிடித்தால் நாலைந்து நிமிடம் போதும். கை என்பது அத்தனை நல்ல அடுப்பு. அதற்கு வேண்டியது பொறுமை ஒன்றுதான். இடது கையால் மட்டும் பிடிக்காமல் இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் வாசிக்க வேண்டிய கையே குளிர்ந்துவிடும். பார் தொட்டால் சில்லென்று இருக்கக்கூடாது, சூடாகவும் இருக்கக்கூடாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், வைத்ததே தெரியாத மாதிரி இருந்தால் சரியான பதம்.

மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 90-ஐத் தொடும் நாட்களில் பார் காற்றைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவாக இருந்தாலே மூட்டம் போடும். ஏசியில்லாத வீட்டிலிருந்து ஏசியில்லாத சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்றால் கவலை இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏசி மண்டபத்தில் ரிசப்ஷன் முடித்து, நேரே தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் திறந்தவெளி மேடைக்குப் போகிறீர்கள் என்றால், புறப்படும்போதே பாரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கேஸுக்குள் போடாதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: அளவுக்கு மீறிச் சூடாக்குவது. அக்னி நட்சத்திர வெயிலில் கார் டாஷ்போர்டில் கிடந்த பார் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். அதை அப்படியே கம்பிமேல் வைத்தால், பட்ட இடத்தில் கம்பி சூடேறும். சூடேறிய கம்பி நீளும், இழுவிசை குறையும், சுருதி இறங்கும். இப்போதுதான் ட்யூன் செய்த கருவி ஏன் இறங்கிப்போனது என்று ட்யூனிங் பெக்கைத் திருக ஆரம்பிப்பார்கள், பார் ஆறியதும் சுருதி மறுபடி ஏறிவிடும். சூட்டில் உள்ளங்கையும் வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பு வேறு.

லைட்டரில் காட்டுவது, கேஸ் அடுப்பில் ஒரு புரட்டுப் புரட்டுவது, இதெல்லாம் கூடவே கூடாது. பித்தளைமேல் குரோம் பூசிய பாராக இருந்தால் பூச்சு உரிந்து கிளம்பும். உரிந்த விளிம்பு கம்பியை அறுக்கும். வெந்நீரில் போடுவதும் வேண்டாம். நம் கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் வெள்ளைப் பொருக்கு படியும், அந்தச் சொரசொரப்பு ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியே தெளிவாகக் கேட்கும். வெளிநாட்டு வாசிப்பாளர்கள் சூடேறும் வால்வ் ஆம்ப் தலைமேல் பாரை வைத்துச் சூடேற்றுவது உண்டு. உருண்டை வடிவப் பொருள், கீழே அதிர்கிற பெட்டி! ஒரு பலத்த பேஸ் சுரம் வந்தால் உருண்டு தரையில் விழும். சிமென்ட் தரையில் ஒருமுறை விழுந்து நுனியில் பள்ளம் விழுந்துவிட்டால் அந்தப் பாரை நல்ல வாசிப்புக்குப் பயன்படுத்த முடியாது.

பாக்கெட்டில் போட்டுக்கொள்வது நல்ல வழிதான், பேண்ட் பாக்கெட்டின் சூடு தாராளமாகப் போதும். தவறு, அதே பாக்கெட்டில் சாவியும் சில்லறையும் இருப்பது. நாணயத்தின் விளிம்பு பளபளப்பான பாரில் மயிரிழைக் கீறல் போடும். விரலால் தடவினால் தெரியாது, நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டும். அந்தக் கீறல் கம்பிமேல் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு உரசல் கேட்கும், மெதுவான பாட்டில் அது நாராசம். சட்டைப் பாக்கெட்டும் சரிவராது, குனிந்தால் விழும். பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒரு சின்னச் சுருக்குப் பை தைத்து, அதில் போட்டுப் பாக்கெட்டில் வையுங்கள். வேட்டி கட்டி வாசிப்பவர் மடியில் செருகிக்கொண்டால் அதைவிடச் சிறந்த இடமே இல்லை, இடுப்புச் சூடு சீராக ஏறும்.

பாரைப் பார்த்துப் பார்த்துச் சூடாக்கிவிட்டு கிட்டாரை மறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாருக்குச் சொன்ன அதே கணக்கு கம்பிகளுக்கும் பொருந்தும். ஏசி அறையிலிருந்து வந்த கருவியைக் கேஸைத் திறக்காமலே கொஞ்ச நேரம் புதிய இடத்தில் வைத்திருங்கள். மூடிய கேஸுக்குள் ஈரக் காற்று சட்டென்று புகாது, கருவி மெல்லச் சூடேறும். அப்புறம் திறந்து ட்யூன் செய்யுங்கள். மேடையில் ஏசிக் காற்று நேரே கம்பிமேல் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்தால் சுருதி ஏறிக்கொண்டே இருக்கும், ஃபோகஸ் விளக்கு நேர்கீழே உட்கார்ந்தால் இறங்கிக்கொண்டே இருக்கும். நாற்காலியை இரண்டடி நகர்த்திப் போடக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வேறு பொருளுக்கு மாறிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 1880களின் பிற்பகுதியில் ஹவாய் தீவுகளில் ஜோசப் கெகுகு இந்த வாசிப்பைத் தொடங்கிவைத்தபோது கையில் இருந்தது தண்டவாள போல்ட் என்றும், பேனாக்கத்தியின் முதுகு என்றும் சொல்வார்கள். ஆக, ஆரம்பத்திலிருந்தே உலோகம்தான். நம் சித்திரவீணையில் கருங்காலி மரத்துண்டை வைத்து வாசிப்பார்கள், இப்போது டெஃப்லானும் உண்டு. இரண்டுமே கைக்குச் சில்லிடாது. ஆனால் அவை அந்தக் கருவியின் கம்பிக்கும் நாதத்துக்கும் ஏற்றவை. ஸ்டீல் கிட்டாரின் நீண்ட கார்வைக்குப் பாரின் எடை வேண்டும். கை சில்லிடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக எடை குறைந்த பாருக்கு மாறுவது, நாதத்தை விற்றுச் சௌகரியம் வாங்குவது. ஓசைக்காக மாறுங்கள், தவறில்லை.

வீணை வாசிப்பவர்கள் விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வதைப் பார்த்து, பார் வழுக்கிப் போகட்டும் என்று எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. கம்பிமேல் வழுக்கும்தான், கையிலும் வழுக்குமே. தூசியும் ஒட்டும். வேண்டாம்.

வாசித்து முடித்ததும் பாரை உலர்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்து, கை வியர்வை போன பிறகு பையில் போடுங்கள். எவர்சில்வர்தானே, துருப்பிடிக்காது என்று நம்ப வேண்டாம். கடலுக்குப் பக்கத்தில் உப்புக் காற்றில் எவர்சில்வர் சாமானிலும் பழுப்புப் புள்ளி விழுவதை நம் ஊர் மொட்டைமாடிக் கைப்பிடிகளிலேயே பார்க்கலாம். மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கேஸுக்குள் போட்டு வையுங்கள், மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். பழுப்பு தட்டிவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல்தான் மிஞ்சும். மென்மையான துணியில் மெட்டல் பாலிஷ் கொஞ்சம் தொட்டு, நீளவாக்கில் தேய்த்து, மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள். குரோம் உரிந்த பாரை மட்டும் பாலிஷால் காப்பாற்ற முடியாது, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.