நாற்பதில் பிள்ளை பெற்ற பின் மறுபடி ஓட்டப் பந்தயத்துக்கு: கொடைக்கானலிலிருந்து ஒரு செய்முறை

என் மகள் பிறந்தபோது எனக்கு வயது 40. கல்லூரியில் 1500 மீட்டரும் 5000 மீட்டரும் ஓடியவள் நான். கல்யாணமாகிக் கொடைக்கானல் வந்த பிறகும் ஏரிச் சுற்றை விட்டதில்லை. பத்தியச் சாப்பாடு முடிந்த வாரமே ஷூவைத் தேடி எடுத்தேன். “இந்த வயசுல பிள்ளை பெத்திருக்க, இனி எதுக்கும்மா ஓட்டம்” என்று பக்கத்து வீட்டு அக்கா அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு ஓட வேண்டும்; அதுவும் பந்தயத்தில் ஓட வேண்டும்.

முடியும். 2014-இல் சூரிச்சில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் பிரிட்டனின் ஜோ பேவி 10,000 மீட்டரில் தங்கம் வென்றபோது அவருக்கும் 40 வயது. இரண்டாவது குழந்தை பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஆனால் ஓட்டமே அவருடைய தொழில். அவர் எடுத்துக்கொண்ட நாள்கணக்கு நமக்கு வேண்டாம். முடியும் என்ற தைரியத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வோம்.

படி 1: முதல் மூன்று மாதம் ஓடாதீர்கள்

2019-இல் பிரிட்டனில் வெளிவந்த, பிரசவத்துக்குப் பின் ஓடுவது பற்றிய வழிகாட்டுதல், 3 மாதத்துக்கு முன் ஓடவே வேண்டாம் என்கிறது. சிலருக்கு 6 மாதம் ஆகலாம். சிசேரியன் என்றால் வெளித் தையல் சில வாரங்களில் ஆறிவிடும். உள்ளே வயிற்றுச் சவ்வு உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். சுகப் பிரசவத்தில் இடுப்புத்தளத் தசைகள் பல மடங்கு இழுபட்டிருக்கும். சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்குவது அவைதான். ஓடும்போது ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் அங்கே போய்த்தான் விழுகிறது.

இந்த மூன்று மாதத்தில் நடக்கலாம். மருத்துவர் சரி என்றதும் இடுப்புத்தளத் தசைகளை வலுப்படுத்தும் கெகல் பயிற்சியையும் தொடங்கலாம். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள், தொடையை இறுக்காதீர்கள். முடிந்தவரை பிடித்துவிட்டு முழுசாகத் தளர்த்துங்கள். 10 விநாடி பிடிக்கும் அளவுக்கு மெல்ல மெல்ல வாருங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. நான் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் செய்தேன்; அப்படிச் செய்தால் மறக்காது.

படி 2: உடம்பிடம் கேளுங்கள்

கீழே உள்ளவற்றை வீட்டிலேயே செய்து பாருங்கள்:

- 30 நிமிடம் விடாமல் நடப்பது
- ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது
- ஒற்றைக் காலில் முழங்காலை மடக்கி 10 முறை தாழ்ந்து எழுவது
- நின்ற இடத்தில் 1 நிமிடம் மெதுவாக ஓடுவது
- ஒவ்வொரு காலிலும் 10 முறை நொண்டியடிப்பது

வலியோ, சிறுநீர்க் கசிவோ, கீழே ஏதோ கனமாக இறங்குவதுபோன்ற உணர்வோ இருந்தால் இன்னும் ஓடும் நேரம் வரவில்லை. ஒரு மகப்பேறு மருத்துவரையோ, பெண்கள் நலம் பார்க்கும் பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். மலையில் இருப்பவர்கள் இதற்காக மதுரை வரை போக வேண்டியிருக்கலாம். போய் வாருங்கள்.

கசிவைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அம்மா, அத்தை, பாட்டி எல்லோரும் “பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி ஆயுள் முழுக்கப் பொறுத்துப் போயிருக்கிறார்கள். தும்மினால் நனைகிறது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அது பலருக்கும் வருவதுதான். ஆனால் சகித்துக்கொள்ள வேண்டியதல்ல. முறையான பயிற்சியில் பெரும்பாலோருக்குக் குறைகிறது. தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 3: ரத்தமும் சாப்பாடும்

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் ஒருமுறை பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் கொடைக்கானல் போன்ற மலை உயரத்தில் வாழ்பவர்களுக்கு அந்த அளவுகோலே ஒரு கிராம் அளவுக்கு மேலே நகரும். கீழே சமவெளியில் 12 என்பது சரியாக இருக்கலாம், இங்கே அது குறைவு. களைப்பைப் பிள்ளை வளர்ப்பின் மேல் போட்டுவிட்டு இதைப் பார்க்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஓட்டத்துக்கு ஆவது அதற்கும் மேலே. எடை குறைப்பதற்கான காலம் இதுவல்ல.

படி 4: ஏரிச் சுற்று

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். மலையில் இப்படி ஒரு சாலை கிடைப்பது வரம். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இதைப் பத்து முறை. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு வாரம் தொல்லை இல்லாமல் போனால் ஓட்டத்தில் ஒரு நிமிடம் கூட்டுங்கள். அன்று மட்டும் பார்த்தால் போதாது. மறுநாள் காலையில் கனமோ வலியோ இருந்தாலும் முந்தைய வாரத்துக்குத் திரும்புங்கள்.

வாட்சில் வரும் வேகத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள். ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

பால் கொடுத்துவிட்டு உடனே கிளம்புங்கள்; மார்பு கனமில்லாமல் இருக்கும். மார்பை நன்றாகத் தாங்கும் ஸ்போர்ட்ஸ் பிரா வேண்டும். பழைய ஷூவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கர்ப்பத்தில் பாதத்தின் வளைவு தாழ்ந்து கால் நீண்டிருக்கலாம். எனக்கு அரை சைஸ் கூடியிருந்தது. அப்புறம், விடியுமுன் போகாதீர்கள். பனிமூட்டத்தில் காட்டுமாடு பத்தடி முன்னால் நிற்பதுகூடத் தெரியாது. பார்த்தால் நின்று, சத்தமில்லாமல் பின்வாங்கி, அது போகும்வரை காத்திருங்கள்.

படி 5: ஏற்றம் முதலில், இறக்கம் கடைசியில்

மலைக்காரர்கள் தவறுவது இங்கேதான். நானும் தவறினேன். ஐந்தாம் மாதம், ஏரியில் 20 நிமிடம் விடாமல் ஓட முடிந்த சந்தோஷத்தில், அப்சர்வேட்டரி வரை நடந்து ஏறி, இறக்கத்தில் வேகமாக ஓடி வந்தேன். மூச்சே வாங்கவில்லை, அவ்வளவு சுலபமாக இருந்தது. ஏரி வந்து சேர்ந்தபோது உடை நனைந்திருந்தது. அன்று மாலை முழுக்க அடிவயிறு கீழே இழுத்தது. ஆறு வாரம் மறுபடி நடைக்கே போனேன்.

இறக்கத்தில் மூச்சுக்கு வேலை குறைவு, மூட்டுக்கும் இடுப்புத்தளத்துக்கும் அதிகம். ஒவ்வொரு அடியும் உயரத்திலிருந்து விழுகிற அடி. ஏற்றத்தில் நேர்மாறு: இதயத்துக்கு நல்ல வேலை, தரையில் விழும் அதிர்ச்சி குறைவு. வேகப் பயிற்சியை நான் ஏற்றத்திலேயே தொடங்கினேன். செண்பகனூருக்குப் பஸ்ஸில் இறங்கி, அங்கிருந்து மூஞ்சிக்கல் நோக்கி 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று மேலே வருவேன். வண்டிகள் வரும் சாலை என்பதால் எதிரே வரும் வண்டியைப் பார்க்கிற பக்கமாகவே ஏற வேண்டும். ஏற்றம் மட்டும் ஓடி, இறங்குவதற்குப் பஸ் பிடிப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

ஏற்றம் இரண்டு மாதம் தொல்லையில்லாமல் போன பிறகு, லேசான சரிவில் 100 மீட்டர் இறக்கம். சின்ன அடிகளாக வையுங்கள், குதிகாலை முன்னால் நீட்டாதீர்கள்.

கூடவே வாரத்தில் இரண்டு நாள் வலுப் பயிற்சி. படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20 முறை உயர்த்த முடிய வேண்டும். நாற்பதுக்கு மேல் தசை தானாக வந்து சேராது.

படி 6: பந்தயம்

முதலில் 5 கிலோமீட்டர். சமதளப் பாதையாகப் பாருங்கள். உலக மாஸ்டர்ஸ் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டாகப் பிரிவுகள் உண்டு. 40 முதல் 44 வரை உள்ளவர்களோடுதான் உங்களுக்குப் போட்டி, இருபது வயதுப் பிள்ளைகளோடு அல்ல.

பந்தயம் மதுரைப் பக்கம் என்றால் மூச்சு சுலபமாக இருக்கும், வெயில் அடித்துப் போடும். முதல் இரண்டு கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள். மலைப்பாதையில் குழந்தைக்கு வாந்தி வரலாம், அதனால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். கிளம்பும் கோட்டுக்குப் போவதற்கு அரை மணி முன்னால் பால் கொடுத்துவிடுங்கள். குழந்தையை யார் வைத்திருப்பது, எந்த இடத்தில் நிற்பது என்பதைப் பேசி வையுங்கள். என் முதல் பந்தயத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு கணவர் முடிவுக் கோட்டுக்கு 100 மீட்டர் முன்னால் நின்றார். 31 நிமிடம் 40 விநாடி. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.